மலையகப் பாடசாலை மாணவர்களுக்குப் புற்றுநோய் பற்றி எப்படிக் கற்பிக்கலாம்?

தரம் 10, 11 மாணவர்களைப் பயமுறுத்தாமல் இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன்: வாயிலிருந்து தொடங்குங்கள். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய்தான். எங்கள் பிள்ளைகளின் வீடுகளிலும் தாத்தா முதல், இடுப்பில் கட்டும் படங்கின் மடிப்பில் வெற்றிலையைச் செருகிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகும் அம்மா வரை பலருக்கும் அதற்குக் காரணமான வெற்றிலை மெல்லும் பழக்கம் இருக்கிறது.

முதல் ஆண்டில் நான் நோய் முற்றிய நிலையில் எடுத்த படங்களைக் காட்டினேன். பின்வரிசையில் ஒரு மாணவி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளுடைய அம்மாயி மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுவந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது படங்களை விட்டுவிட்டேன். புற்றுநோய் தொற்றாது, அது செய்வினையும் இல்லை, நேரத்தோடு கண்டால் குணப்படுத்த முடியும் என்பவற்றைத்தான் முதலில் சொல்கிறேன்.

அடுத்து, வெற்றிலைக் கூட்டில் எது என்ன செய்கிறது என்பதை விளக்க வேண்டும். புகையிலை மட்டும்தான் கெட்டது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற இரசாயனம் சுண்ணாம்போடு சேர்ந்து மாற்றமடைந்து, கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்களைப் பெருகச் செய்கிறது. மிருதுவாக இருந்த தோல் இறுகி, வாய் திறப்பது நாளடைவில் குறுகிவிடுகிறது. இதைச் சொல்லி முடித்ததும், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து நிமிர்த்தி முன்பற்களுக்கிடையே வைத்துப் பார்க்கச் சொல்வேன்; மூன்றும் நுழைந்தால் வாய் சரியாகத் திறக்கிறது என்று பொருள். வகுப்பு முழுவதும் வாயைத் திறந்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் பாடம் மனத்தில் பதிந்துவிடுகிறது.

"சாமிக்கு வைக்கிறோமே டீச்சர், அதுவும் பிழையா?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. தட்டில் இருக்கும் தாம்பூலம் யாருக்கும் தீங்கு செய்யாது. கன்னத்தில் மணிக்கணக்காக அடக்கி வைத்திருக்கும் பாக்கும் புகையிலையும்தான் தீங்கு செய்கின்றன என்றேன். பெரியவர்களின் பழக்கத்தை இழிவாகப் பேசிவிட்டால் பிள்ளைகள் அவர்களுக்காக வாதாடத் தொடங்குவார்கள், நாம் சொல்வது காதில் ஏறாது.

பாக்கும் புகையிலையும் கலந்து விற்கும் மாவா, பாபுல் பொட்டலங்களைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருளை விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடப்படுகிறது. இரண்டு ஊசிகளும் போடப்பட்டனவா என்று மாணவிகள் தங்கள் அட்டையைப் பார்த்துக்கொள்ளட்டும். 35 வயதான அம்மாவுக்கு அதற்கான சோதனை கிளினிக்கில் இலவசம் என்ற செய்தியையும் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இவை அனைத்தும் தெரிந்தும் பலர் வைத்தியரிடம் போவதில்லை. ஒரு நாள் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடுமே என்ற கவலைதான் காரணம். ஆகவே நான் கொடுக்கும் வீட்டுவேலை இதுதான்: கைப்பேசி வெளிச்சத்தில் வீட்டுப் பெரியவர்களின் வாயைப் பார்த்து, வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும் புண் இருந்தாலும் அன்றைய திகதியைக் கொப்பியில் குறிக்க வேண்டும். இரண்டு, மூன்று வாரம் கழித்தும் அது மாறாதிருந்தால் என்னிடம் காட்ட வேண்டும். போன தவணையில் ஒரு மாணவன் அப்படிக் குறித்த திகதியோடு வந்தான். அவனுடைய அப்பாவின் வாய்க்குள் இரண்டு விரல்கூடப் போகவில்லை. அந்தக் கொப்பியைக் காட்டியே அவரைப் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்குப் போக இணங்கவைத்தோம். இப்போது அவர் பாக்கை விட்டுவிட்டு, சொன்ன திகதிகளில் தவறாமல் பரிசோதனைக்குப் போய்வருகிறார்.