நானே செய்த தண்ணீர்த் தொட்டி போர்ட், தட்டினால் வேலை செய்கிறது, விட்டால் நிற்கிறது. பிழை எங்கே?

நீங்கள் எழுதியதை இப்படி விளங்கிக்கொண்டேன்: தொட்டியின் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து மோட்டரை இயக்கும் மின்சுற்றுப் போர்ட். பெரிக் குளோரைட் என்ற இரசாயனத்தால் அரித்துச் செய்த, ஒரு பக்கம் மட்டும் செப்புள்ள போர்ட், 12 வோல்ற் ரிலே (கறண்டால் இயங்கும் சுவிட்ச்), தண்ணீரை உணரத் தொட்டிக்குள் இரண்டு கம்பி. விரலால் தட்டினால் ரிலே பிடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுகிறது. ஐசியை (சுற்றின் சிப்பை) மாற்றியும் சரிவரவில்லை, அடுத்து ட்ரான்சிஸ்டரை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம். தட்டும்போது குணம் மாறுகிற பிழை பெரும்பாலும் இணைப்பில்தான் இருக்கும். கடையில் வாங்கும் இருபக்கப் போர்ட்டில் துளைக்குள்ளும் செப்பு பூசியிருப்பார்கள். நாம் செய்யும் ஒருபக்க போர்ட்டில் அது கிடையாது, மேலே ஒட்டியிருக்கும் செப்பு வட்டம் மட்டுந்தான். ஒவ்வொரு தரமும் கழற்றிப் பூட்டச் சூடாக்கும்போது அந்த ஒட்டு இளகி வட்டம் கிளம்பும். யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ சொல்லி எடுப்பித்த ஐசியைப் பூட்டி, இருந்த இணைப்பையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் 230 வோல்ற் மோட்டர் வயரை முழுதாகக் கழற்றிவிடுங்கள். இனி 12 வோல்ற் மட்டும். போர்ட்டை வெயிலில் பிடித்து ரிலே, வயர் கனெக்டர் கால்களைப் பாருங்கள். பாரமான, இழுபடுகிற பொருட்களின் காலைச் சுற்றித்தான் மயிரளவு வட்ட வெடிப்பு விழும். அதற்கு மேல் புது ஈயத்தை (சோல்டரை) அப்பினால் போதாது, உள்ளே கறுத்த செப்பு அப்படியே இருக்கும். பழைய ஈயத்தை எடுத்து, செப்பு பளபளக்கும்வரை மெல்லிய எமரியால் தேய்த்து, ரோசின் பிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க வைக்கும் பிசின்) வைத்து, காலையும் வட்டத்தையும் ஒன்றாகச் சூடாக்கியபின் ஈயம் கொடுங்கள். இறுகும்வரை அசைக்காதீர்கள். 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) 183 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். ஈயமில்லாத சோல்டருக்கு ஏறத்தாழ 217 வேண்டும், சின்ன சோல்டரிங் அயனால் அதில் நல்ல பிடிப்பு எடுப்பது கடினம். தகர வேலைக்கான அசிட் பிளக்ஸ் இந்தப் பக்கமே வரக்கூடாது, செப்பைத் தின்றுவிடும்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் அளக்க வேண்டும். மல்டிமீற்றரின் "பீப்" சத்தத்தை நம்பிப் பலர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். பல மீற்றர்கள் 30 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். ரிலேச் சுருளுக்கு 30 மில்லிஅம்பியர் ஓடினால் அந்த 30 ஓமில் 0.9 வோல்ற் தொலைந்துவிடும். ஆகவே ரிலே பிடித்திருக்கும்போதே, மீற்றரை 200 மில்லிவோல்ற்றில் வைத்து, ஒரே செப்புப் பாதையின் இரண்டு முனையிலும் தொடுங்கள். ஈயத்தில் தொடாமல் பொருட்களின் காலிலேயே தொடுங்கள், அப்போதுதான் ஈயப் பிடிப்பும் கணக்கில் வரும். ஒரு மில்லிமீற்றர் அகலம், பத்து சென்ரிமீற்றர் நீளமான நல்ல பாதை ஏறத்தாழ 0.05 ஓம். 30 மில்லிஅம்பியருக்கு ஒன்றரை மில்லிவோல்ற்தான் காட்ட வேண்டும். நாற்பது, ஐம்பது காட்டினால் பிழை அந்தத் துண்டில்தான். நடுவே ஒவ்வொரு காலாக முனையை நகர்த்துங்கள், எண் சடாரென விழும் இடத்தில் பிடிபடும். 12 வோல்ற் வரும் பக்கத்தையும், முக்கியமாகக் கிரவுண்ட் (மைனஸ்) பாதையையும், இப்படியே பாருங்கள்.

பாதை வெடித்திருந்தால் வெடிப்பின்மேல் ஈயம் ஊற்றி மூடாதீர்கள், மறுபடி வெடிக்கும். வயருக்குள் இருக்கும் செப்பு இழை ஒன்றைக் காலிலிருந்து காலுக்குப் பிடியுங்கள்.

இன்னொன்று, வன்னியில் இருப்பவர்களுக்கு. கோடையில் செம்மண் புழுதி போர்ட்டில் படியும், மாரி தொடங்கக் காற்று ஈரமாகும். கழுவாமல் விட்ட பெரிக் குளோரைட்டும் பிளக்ஸும் அந்த ஈரத்தோடு சேர்ந்தால் மெல்லியதாகக் கறண்ட் கசியும். தண்ணீரை உணரும் உள்ளீட்டுக்கு அந்தக் கசிவே போதும், தொட்டி வெறுமையாக இருக்க நிறைந்ததென்று சொல்லும். பிழை திருந்தியபின் ஐசோபுரோபைல் அல்ககோலும் பழைய பல் துலக்கியும் கொண்டு கழுவி, நன்றாக உலரவிட்டு, ஈயப் பக்கத்துக்கு மட்டும் தெளிவான வார்னிஷ் பூசுங்கள்.

மோட்டரைத் திரும்பப் பூட்டும்போது, அதன் கறண்டை போர்ட்டின் மெல்லிய செப்பில் ஓட விடாதீர்கள். போர்ட் ரிலே ஒரு கொன்ராக்டரை (பெரிய கறண்டைத் தாங்கும் பெரிய ரிலேயை) இயக்கட்டும், மோட்டரைக் கொன்ராக்டர் இயக்கட்டும்.