பழைய ஜப்பானிய வாள் வாங்கும்போது அதன் விரிசல்களைக் கண்டறிவது எப்படி?

ஜப்பானில் வார்ப்புப் பொருள்களைச் சோதிக்கும் வேலை பார்ப்பவன் நான். முதன்முதலில் ஒரு கத்தானாவை, அதாவது ஜப்பானிய நீள்வாளை, கையில் வாங்கியபோது, அதன் பக்கவாட்டில் நீளமாக ஓடிய பிளவைத்தான் பெருங்குறை என்று எண்ணினேன். கடைக்காரப் பெரியவரோ அதைப் பொருட்படுத்தாமல், வேறொரு வாளின் வெட்டுவாயில் மயிரிழை போலிருந்த இரண்டு மில்லிமீட்டர் கோட்டைக் காட்டி, அது விலைக்கு ஆகாதது என்றார். விரிசலின் நீளத்தைவிட அது எத்திசையில் ஓடுகிறது என்பதே முதன்மையானது என்று அன்று புரிந்துகொண்டேன்.

வெட்டுவாய்க்குச் செங்குத்தாக, வாயிலிருந்தே தொடங்கி மேலேறும் விரிசலுக்கு 'ஹாகிரி' என்று பெயர். களிமண் பூசிச் சூடேற்றித் தண்ணீரில் தோய்ச்சல் கொடுக்கும்போது வாய்ப்பகுதி மிகக் கடினமாகி விடுவதால், அந்நேரத்து இழுவிசையிலோ பின்னாளில் விழும் அடியிலோ வளைவிலோ இது உண்டாகிறது. அடுத்த வீச்சில் வாள் அங்கேயே முறியக்கூடும் என்பதால் இதைவிடக் கொடிய குறை வேறில்லை. ஒன்று தென்பட்டால் அருகில் இன்னொன்று உண்டா என்றும் தேடுங்கள்.

தொழிற்சாலையில் சிவப்புச் சாயம் தடவி விரிசலைக் கண்டுபிடித்துவிடுவோம். இங்கே அது கூடாது, கண்ணும் விளக்கும்தான் துணை. பழைய எண்ணெயை மென்தாளால் துடைத்தெடுத்தபின், ஒற்றை மின்விளக்கை நோக்கி வாளை நீட்டி, மெல்லச் சாய்த்துக்கொண்டே வாய் முழுவதையும் அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டுமே மின்னும் கோடு பெரும்பாலும் கீறலாகவே இருக்கும். ஹாகிரி எக்கோணத்திலும் கருமையாகவே நிற்கும். விரலால் தடவிப் பார்க்காதீர்கள், வியர்வை பட்ட இடம் துருப்பிடிக்கும்.

வாளின் முதுகை ஒட்டிக் குறுக்கே தெரியும் மெல்லிய சுருக்கங்கள் 'ஷினாயே'. ஒருகாலத்தில் வாள் வளைந்து நிமிர்த்தப்பட்டதன் தழும்பு அது; கவலைக்குரியதுதான், ஆனால் ஹாகிரி அன்று. மடித்து அடித்த அடுக்குகள் சரியாக ஒட்டாத இடத்தில் நீளவாக்கில் திறக்கும் 'வாரே'யும், உள்ளே கசடு அடைபட்டு எழும் கொப்புளமான 'ஃபுகுரே'யும் அழகைக் கெடுக்குமே தவிர வாளைக் கொல்வதில்லை. நுனியில் காக்கையின் அலகு திறந்தாற்போலத் தெரியும் விரிசலான 'கராசு நோ குச்சி' மட்டும் இவற்றுள் கடுமையானது. முதுகில் எதிரியின் வாள் பட்ட வெட்டுத்தழும்பான 'கிரிகோமி'யைச் சேகரிப்பாளர்கள் குறையாகவே கருதுவதில்லை. பெருமையாகச் சொல்லிக் காட்டுவார்கள்.

வாயின் அடிப்பகுதியில், பிடியை ஒட்டி ஹாகிரி இருந்தால், வாயும் காம்பும் பிரியும் இடத்திலுள்ள படியை அதற்கு மேலே புதிதாக வெட்டி, விரிசலைப் பிடிக்குள் மறையும் காம்புப்பகுதிக்குள் தள்ளிவிடுபவர்களும் உண்டு. ஆகவே பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மங்கிப்போன மெருகும் விரிசலை மறைக்கும். நிழற்படத்தில் ஹாகிரி அநேகமாகத் தெரியாது. நேரில் பார்க்க முடியாதபோது, திருப்பி அனுப்பும் உரிமையை எழுத்தில் பெறாமல் பணம் கட்ட வேண்டாம்.