பட்டையைக் கழற்றும் முன் எடை போடுங்கள்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். கட்டில், சமையல் மேடை, 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து கேரவனாக மாற்றிய பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கினோம். முதுகுவலி உள்ள அம்மாவை மாதாமாதம் அதில்தான் கோவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம். பின்னால் கட்டிலில் படுத்தால் தூக்கித் தூக்கிப் போடுகிறது. வண்டி ஸ்டிக்கரில் 65 பிஎஸ்ஐ என்று இருந்தும், பஞ்சர் கடைக்காரர் காற்றை 45 ஆகக் குறைத்துவிட்டார். ஒரு பட்டறையில் கமான் பட்டை (வண்டியின் அடியில் அடுக்கடுக்காக இருக்கும் இரும்பு ஸ்பிரிங்) ஒன்றைக் கழற்றிவிடலாம் என்கிறார்கள். இன்னொருவர் ஏர் சஸ்பென்ஷன் (காற்றுப் பை ஸ்பிரிங்) போட இரண்டு லட்சம் கேட்கிறார். எதைச் செய்வது?

பதில்: முதலில் காற்றை மறுபடி 65-க்கு ஏற்றுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். டயர் சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்றின் பலத்தில்தான். 65-ஐ 45 ஆக்கினால் அது தாங்கும் எடையில் சுமார் கால் பங்கு போய்விடும். அப்புறம் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக்கின் சூடும் அதோடு சேரும். கட்டில் கொஞ்சம் மெத்தென்று இருப்பதற்காக அம்மாவை அப்படி ஒரு டயரின் மேல் படுக்க வைக்கக் கூடாது.

அடுத்து, வண்டி ஏன் தூக்கிப் போடுகிறது என்று பார்ப்போம். பட்டறையில் கேட்டால் ஸ்பிரிங் கெட்டியாக இருக்கிறது என்பார்கள். கேரவனாக மாற்றிய வண்டிகளில் பெரும்பாலும் நிலைமை நேர்மாறு. கட்டில், பேட்டரி, சிலிண்டர், தண்ணீர் என்று ஏற்றி ஏற்றிக் கமான் பட்டை ஏற்கெனவே தாழ்ந்து போயிருக்கும். மேலும் கீழும் போய்வர அதற்கு இடமே இருக்காது. ஒரு வேகத்தடை வந்தாலும் ஆக்ஸில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) மேலே வந்து, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் மோதும். அந்த மோதல்தான் அம்மாவின் முதுகில் இறங்குகிறது. இந்த நிலைமையில் ஒரு பட்டையைக் கழற்றினால் வண்டி இன்னும் தாழ்ந்து, இன்னும் அடிக்கடி மோதும். கொண்டை ஊசி வளைவுகளில் சாயவும் செய்யும். கேரவனில் நிறைய எடை உயரத்தில் இருப்பதால் சாய்வு பெரிதாகத் தெரியும், வாந்தியும் வரும். பட்டையைக் கழற்று என்று சொல்கிற பட்டறைக்கு மறுபடி போகாதீர்கள். சின்ன வேலைக்குக் காசு வாங்கிக்கொண்டு உங்களை ஆபத்தில் அனுப்புகிறார்கள்.

மோதுகிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். பம்ப் ஸ்டாப் ரப்பரின் அடியில் கொஞ்சம் கிரீஸைத் தடவி, ஒரு தடவை மேட்டுப்பாளையம் வரை போய் வாருங்கள். எதிரே இருக்கும் இரும்பில் கிரீஸ் ஒட்டியிருந்தால் மோதுகிறது என்று அர்த்தம்.

அதே பயணத்தில் எடையும் போடுங்கள். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டிகளுக்கு வரும் லாரிகளுக்காக எடை மேடைகள் இருக்கின்றன. வழக்கமாக ஏறும் ஆட்கள், சாமான்கள் எல்லாவற்றோடும் மூன்று முறை போட வேண்டும்: முன் சக்கரங்கள் மட்டும், முழு வண்டி, பின் சக்கரங்கள் மட்டும். மூன்று சீட்டையும் கேட்டு வாங்குங்கள். எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போது லைட், ஹாரன், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எல்லாம் பார்ப்பார்கள். கேரவனாக மாறிய வண்டியின் பின் ஆக்ஸிலில் எவ்வளவு சுமை இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் தனியாக எடை போட்டுப் பார்ப்பதில்லை. கதவோரம் ஒட்டிய காற்று அளவு ஸ்டிக்கரும் சீட் போட்ட வண்டிக்காக ஒட்டியதுதான். சமையல் மேடை வந்த பிறகும் அதே ஸ்டிக்கர். பாதுகாப்பு என்று சொல்லிப் படிவம் படிவமாக வாங்குகிற அமைப்பு, பாதுகாப்புக்கு வேண்டிய ஒரே எண்ணைக் கேட்பதில்லை.

அந்த எண் கையில் இருந்தால் டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பார்த்துச் சரியான காற்று அளவைச் சொல்லிவிடலாம். டயரின் பக்கத்தில் 109/107 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது ஜோடிச் சக்கரத்துக்கு. 109 என்றால் ஒரு டயர் தாங்கும் எடை 1,030 கிலோ, 107 என்றால் 975 கிலோ. இதைவிடக் குறைந்த எண் உள்ள கார் டயரை, ரொம்ப ஸாஃப்ட்டாக இருக்கும் என்று சொல்லி மாட்டிவிடுகிற கடைகள் உண்டு. வாங்காதீர்கள். தயாரித்த தேதியையும் பாருங்கள். டயரின் பக்கத்தில் உள்ள தேதிக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். கேரவன் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும்.

பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர் இருந்தால் ஒரு விஷயத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே உள் டயரைப் பலரும் அளப்பதே இல்லை. கை எட்டாது, வால்வு தெரியாது. அதனால் கம்பியால் ஒரு தட்டு தட்டிவிட்டு 'சரியா இருக்கு' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தட்டினால் வரும் சத்தத்தில் 65-க்கும் 50-க்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே 50, வெளியே 65 என்று இருந்தால் கூடுதல் சுமை வெளி டயருக்குப் போகும். உள் டயர் பிரேக் டிரம்மை ஒட்டி, காற்றோட்டம் இல்லாமல் தொங்கிக்கொண்டு சூடேறும். ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று ஜோடி சேர்த்தாலும் இதே கதைதான். பெரியது சுமக்கும், சின்னது உரசும். உள் வால்வுக்கு ஒரு நீட்டிப்புக் குழாய் போட்டு, நாலையும் மீட்டர் வைத்து அளந்து ஒரே அளவாக்குங்கள். இந்த நாலும் சமமாகிற வரைக்கும் காற்றைக் கூட்டுவது, குறைப்பது பற்றிய எந்த ஆலோசனையும் உங்களுக்குப் பொருந்தாது, என்னுடையது உட்பட.

காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன், கோத்தகிரியிலேயே பாருங்கள். மலைக்காரர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் கீழே இருக்கும் பெட்ரோல் பங்க். இறங்கியவுடன் அளந்தால் பிரேக் சூட்டிலும் வெயிலிலும் காற்று ஏறித்தான் காட்டும். அதை அதிகம் என்று நினைத்துப் பிடுங்கிவிட்டு மேலே வந்தால் மறுநாள் குளிரில் டயர் இளைத்துக் கிடக்கும். மலைக்கு ஒரு அளவு, சமவெளிக்கு ஒரு அளவு என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். மேலே ஏறும்போது குளிர் மீட்டரைக் குறைக்கும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவது மீட்டரைக் கூட்டும். இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு ஈடுகட்டிவிடும். ஆறிய டயரில் மிஞ்சும் வித்தியாசம் பெரும்பாலும் இரண்டு மூன்று பிஎஸ்ஐக்குள்தான்.

அடுத்தது ஷாக் அப்சர்பர். அது எடையைத் தாங்காது, ஆட்டத்தை அடக்கும். எண்ணெய் கசிந்திருந்தாலோ, வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடினாலோ ஜோடியாக மாற்றிவிடுங்கள். கூடவே கமான் பட்டையின் முனைகளில் இருக்கும் புஷ், ஷேக்கிள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் மழையிலும் மூடுபனியிலும் பட்டைகளுக்கு இடையே துரு பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் சின்னக் குழிகூட அப்படியே உள்ளே அடிக்கும். செட்டைப் பிரித்து, துரு எடுத்து, தொய்ந்த பட்டைக்குப் பதில் கம்பெனி அளவில் புதிது போட்டுக் கட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும்.

ஏர் சஸ்பென்ஷன் நல்ல பொருள்தான். ஆனால் அதைப் போட்டதால் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை ஒரு கிலோகூட அதிகரிக்காது. ஆர்சியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் புரோக்கரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் நோண்டுவது இதைத்தான். அந்த நேரத்தில் புரோக்கர் போனை எடுக்க மாட்டார். உங்கள் ஆர்சியில் மோட்டார் கேரவன் என்று பதிவாகியிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடியது இரண்டு. அடுத்த பயணத்தில் அம்மாவைப் பின் கட்டிலில் படுக்க வைக்காதீர்கள். பின் ஆக்ஸிலுக்கு அப்பால் இருக்கும் இடம்தான் அதிகம் எகிறும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு இருக்கையில் சாய்ந்தபடி, பெல்ட் போட்டு உட்காரட்டும். அப்புறம் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு இறங்குங்கள். 150 லிட்டர் என்பது 150 கிலோ. பாதி நிறைந்த தொட்டியும் வேண்டாம், வளைவுக்கு வளைவு தண்ணீர் அலைந்து வண்டியை இழுக்கும்.

மூன்று எடைச் சீட்டு, டயரில் உள்ள எண்கள், கிரீஸ் ஒட்டியதா இல்லையா, இவ்வளவையும் எழுதி அனுப்புங்கள். முன்னுக்கு எத்தனை, பின்னுக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை 65-ஐ மாற்ற வேண்டாம்.