ஓட விட்டால் எழுதுவார்கள்

கேள்வி: தரம் 10 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிகிறார்கள், எழுதச் சொன்னால் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதோடு சரி. என்ன செய்யலாம்?
— ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: ரீச்சர், எழுப்பி நிறுத்திச் சத்தமாக வாசிக்க வைப்பதைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கள். பதினைந்து வயதில் கூட்டாளிமாருக்கு முன்னால் உச்சரிப்புப் பிழைத்தால் அந்த வெட்கம் லேசில் போகாது.

அதற்குப் பதிலாக ஓட விடுங்கள். மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தைப் பற்றி ஆறு வரி ஆங்கிலத்தில் எழுதி (பழையது 1924இல் திறந்தது, பக்கத்தில் புதியது 2013இல் வந்தது, இப்படி) வெளிச்சுவரில் ஒட்டுங்கள். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் ஓடிப்போய் ஒரு வரியை வாசித்து மனதில் வைத்துக்கொண்டு வந்து சொல்ல, மற்றவர் கொப்பியில் எழுத வேண்டும், பாதியில் ஆள் மாற வேண்டும். பக்கத்து வகுப்பு சேர் முறைப்பார், பரவாயில்லை. கடைசியில் சுவரில் இருந்ததோடு ஒப்பிட்டுத் தாங்களே பிழை திருத்தட்டும்.

எழுத்துக்கு ஆளுக்கொரு தனிக் கொப்பி. வாரம் ஒருமுறை உங்களுக்கு நாலு வரிக் கடிதம், வலை போட்டது, கிரிக்கெட், எதுவானாலும் சரி. சிவப்புப் பேனா தொடக்கூடாது. 'யெஸ்டடே ஐ கோ' என்று எழுதியிருந்தால், உங்கள் பதிலில் சரியான சொல்லை வைத்து 'ஓ, யூ வென்ட்!' என்று எழுதி விடுங்கள். நாற்பது கொப்பியா என்று மலைக்காதீர்கள், ஒரு நாளைக்கு எட்டுத்தான்.