சங்கீதம் 14-ல் வரும் ‘மதிகேடன்’ யார்? எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

கேட்டவர் இரண்டு கேள்விகளை வைத்திருக்கிறார். “தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்” என்ற வசனம் அறிவில்லாதவர்களையோ நாத்திகர்களையோ குறிக்கிறதா என்பது ஒன்று. 1 சாமுவேல் 25-ல் வரும் நாபால் என்ற மனிதனுக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு உண்டா என்பது மற்றொன்று.

தொடர்பு உண்டு. சங்கீதத்தில் ‘மதிகேடன்’ என்று வரும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது ‘நாபால்’ என்ற சொல்தான். மந்தபுத்திக்காரனை அது சுட்டுவதில்லை. ஈவிரக்கம் இல்லாதவன், வெட்கம் கெட்டவன், தனக்கு மேல் கேட்க ஆளில்லை என்று நடப்பவன்: இப்படிப்பட்ட ஆளைத்தான் எபிரேயர்கள் நாபால் என்றார்கள்.

மூடனைச் சொல்ல அந்த மொழியில் வேறு சொற்கள் உண்டு. எதையும் நம்பிவிடும் பேதை ‘பெத்தி’. சொன்னாலும் கேளாத முட்டாள் ‘கெசீல்’ அல்லது ‘எவீல்’. நீதிமொழிகளில் பக்கத்துக்குப் பக்கம் இவர்கள்தான் வருகிறார்கள். நாபாலோ அந்தப் புத்தகம் முழுவதிலும் 3 இடங்களில்தான் வருகிறான். அதில் ஒன்று 30:22. பூமி தாங்கமாட்டாதவற்றின் பட்டியலில், வயிறு நிறைய அப்பம் தின்ற நாபாலும் இருக்கிறான். இந்த அப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் வரும் இடங்களில் சோறும் தண்ணீரும் திரும்பத் திரும்ப வருகின்றன.

1 சாமுவேல் 25-ஐ நிதானமாகப் படித்தால் பாதி விளக்கம் கிடைத்துவிடும். மாகோன் ஊரைச் சேர்ந்த நாபாலுக்கு 3000 ஆடுகளும் 1000 வெள்ளாடுகளும் இருந்தன. எபிரோனுக்குத் தெற்கே உள்ள கர்மேலில் (வடக்கே எலியா நின்ற மலை வேறு) ஆட்டுமயிர் கத்தரிப்பு நடக்கிறது. அது விருந்துக் காலம். சவுல் ராஜாவுக்குத் தப்பி வனாந்தரத்தில் இருக்கும் தாவீதின் ஆட்கள் அதுவரை நாபாலின் மேய்ப்பர்களுக்கு இரவும் பகலும் மதில் போல இருந்திருக்கிறார்கள். இப்படிச் சொன்னவன் நாபாலின் வேலைக்காரனே. தாவீது 10 வாலிபரை அனுப்பி, கைக்கு வந்ததைக் கொடுக்கும்படி பணிவாகத்தான் கேட்கிறான்.

நாபாலின் பதிலைப் பாருங்கள்: “தாவீது என்பவன் யார்? ஈசாயின் குமாரன் யார்?” வந்தவர்கள் ‘உம்முடைய குமாரனாகிய தாவீது’ என்றுதான் சொல்லியிருந்தார்கள், ஈசாயின் பெயரை எடுக்கவே இல்லை. ஆக, தாவீது யார் வீட்டுப் பிள்ளை என்பது நாபாலுக்கு நன்றாகவே தெரியும். எஜமானைவிட்டு ஓடும் வேலைக்காரர் இந்நாட்களில் அதிகம் என்று அரசியலும் பேசுகிறான். விவரம் தெரிந்த மனிதன். அடுத்த வாக்கியத்தில்தான் ஆள் வெளிப்படுகிறான். எபிரேயத்தில் ‘என்’ என்பது சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். லஹ்மீ, மேமாய், திவ்ஹாத்தீ, கோஸஸாய்: என் அப்பம், என் தண்ணீர், நான் அடித்த என் இறைச்சி, என் மயிர் கத்தரிப்போர். வாய்விட்டுப் படித்தால், ஒவ்வொரு பொருளையும் அவன் இழுத்து அணைத்துக்கொள்வது காதில் விழும்.

பிறகுதான் அவன் மனைவி அபிகாயில் 200 அப்பமும் 2 துருத்தி திராட்சரசமும் 200 அத்திப்பழ அடைகளும் மற்றவையுமாகக் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு, கோபத்தோடு பழிவாங்கப் புறப்பட்ட தாவீதிடம் ஓடுகிறாள். “அவன் பேர் எப்படியோ அப்படியே அவனும் இருக்கிறான்” என்கிறாள். தொடர்ந்து அவள் சொல்லும் சொல் ‘நெபாலா’, அதாவது நாபாலின் குணம். நம் பழைய மொழிபெயர்ப்பு அதைப் ‘பைத்தியம்’ என்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. மனநோயைச் சொல்லும் சொல்லால் ஒரு கொடுமையைச் சொல்வது, நோயாளிக்கும் அநியாயம், வசனத்துக்கும் அநியாயம்.

நெபாலா வரும் மற்ற இடங்களில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். யாக்கோபின் மகள் தீனாளைச் சீகேம் என்பவன் சீரழித்தது நெபாலா (ஆதியாகமம் 34:7). கிபியாவில் ஒரு பெண்ணைச் சீரழித்துக் கொன்றது நெபாலா (நியாயாதிபதிகள் 20). தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைப் பலவந்தமாகப் பிடித்தபோது (2 சாமுவேல் 13), “இஸ்ரவேலிலே இப்படிச் செய்யத்தகாது” என்று அவள் கெஞ்சும் வசனத்திலும் அதே சொல். அந்தச் சதிக்குத் திட்டம் போட்டுக் கொடுத்த யோனதாபை எபிரேயம் எப்படி அழைக்கிறது தெரியுமா? ‘ஹாக்காம் மெயோத்’, மிகவும் அறிவாளி. அந்த மூளையில் பிறந்த திட்டம்தான் தாமாரைச் சீரழித்தது.

இதற்கு அகராதி தேடி அலைய வேண்டாம், ஏசாயா 32:6 இருக்கிறது. நாபால் என்ன செய்வான் என்று தீர்க்கதரிசியே அங்கே சொல்கிறார்: பசித்தவனை வெறுமையாக விட்டுவிடுவான், தாகமுள்ளவனுக்குத் தண்ணீர் இல்லாமல் செய்வான்.

இப்போது சங்கீதம் 14-க்கு வாருங்கள். 4-ம் வசனத்தில் அக்கிரமக்காரர்கள் அப்பத்தைப் பட்சிப்பதுபோல ஜனத்தைப் பட்சிக்கிறார்கள். முதல் வசனத்தில் ‘தேவன் இல்லை’ என்று சொன்ன கூட்டம்தான் இது. அவன் அதை மேடையில் சொல்லவில்லை, இருதயத்தில் சொல்கிறான். எபிரேயருக்கு இருதயம் என்பது தீர்மானம் எடுக்கும் இடம். கடவுள் இருக்கிறாரா என்று ஆராய்ந்து முடிவுக்கு வந்தவனின் பேச்சாக இது எனக்குப் படவில்லை. ‘என்னைத் தட்டிக்கேட்க எவனும் இல்லை’ என்று முடிவு கட்டிவிட்டு ஏழையின் மேல் கைவைப்பவனின் பேச்சு. சங்கீதம் 10-ல் துன்மார்க்கன், தேவன் அதை மறந்தார், ஒருக்காலும் காணமாட்டார் என்று சொல்லிக்கொள்வதும் இதே தொனிதான். அப்படிப்பட்டவன் ஞாயிறுதோறும் ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கவும் கூடும். உபாகமம் 32:6-ல் மோசே ‘மதிகெட்ட ஜனங்களே’ என்று, அதே நாபால் என்ற சொல்லால் அழைப்பது புறஜாதிகளை அல்ல, நன்றி மறந்த இஸ்ரவேலரை.

என் பெரியப்பா கடவுள் மறுப்பாளர். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஒரு கல்யாணப் பந்தியில் உறவுக்காரர் ஒருவர் எல்லார் முன்னாலும் இந்த வசனத்தை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். பெரியப்பா பதில் பேசவில்லை. பக்கத்து இலையில் இருந்த குழந்தைக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த வசனத்தைத் தயவுசெய்து யாரையும் அடிக்கும் கம்பாக எடுக்காதீர்கள். அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்த ஆள் கை நீட்டிக் கொடுக்காதவன்.

பெற்ற பிள்ளைக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா என்ற சந்தேகம் நியாயமானது. அரபியில் நபீல் என்றால் உயர்ந்தவன். அதுபோன்ற நல்ல பொருளில் வைத்த பெயராக இருக்கலாம், அபிகாயில் அதைத் திருப்பிப் போட்டிருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஊரார் வைத்த பட்டப்பெயர் என்போரும் உண்டு. கதையை எழுதியவரும் இந்தப் பெயரோடு விளையாடியிருக்கிறார். திராட்சரசத் துருத்திக்கு எபிரேயத்தில் ‘நேபெல்’, நாபாலின் அதே மூன்று மெய்யெழுத்துகள். 1 சாமுவேல் 25:37-ல் தமிழில் வெறி தெளிந்ததாக வரும் இடம், மூலத்தில் ‘நாபாலைவிட்டுத் திராட்சரசம் வெளியேறியபோது’ என்றிருக்கிறது.