ஊரறிந்த முகத்துக்கு அட்டை எதற்கு?

கேள்வி: வாக்காளர் பட்டியலில் வெறும் பெயரும், அட்டையில் பெயரோடு ‘ஆச்சி’யும் இருந்ததால், எண்பது வயது கடந்த என் மாமியாரைச் சென்ற தேர்தலில் அரைமணி நேரம் நிறுத்திவைத்துவிட்டார்கள். ஊரே அறிந்த முகத்துக்கு அட்டை எதற்கு?
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஊரறிந்த முகம்தான், ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பெரும்பாலும் ஊர்க்காரர் அல்லர். பாட்டனார் பெயரைப் பேரன்மார்க்கு இடும் நம் பக்கத்து வழக்கத்தால், ஒரே கதவிலக்கத்தில் மூன்று வள்ளியப்பன்கள் இருப்பதும், அவர்களுள் இருவர் சென்னையில் தொழிலை வைத்துக்கொண்டு திருமணத்துக்கும் முன்னோர்க்குப் படையலிடும் படைப்புக்கும் மட்டுமே வீடு திறப்பதும் தாங்கள் அறியாததல்ல. விரலில் இடும் மை, ஒருவரே இருமுறை வாக்களிப்பதைத் தடுக்கும். வராதவர் பெயரில் வேறொருவர் வந்து நிற்பதைத் தடுக்காது. அதற்காகத்தான் 1993இல், டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, புகைப்பட அட்டை வந்தது.

ஆகவே அடையாளம் கேட்பதை நான் ஆதரிக்கிறேன். இன்ன அட்டைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பதை அல்ல. இங்கிலாந்தில் 2023 உள்ளாட்சித் தேர்தலில் புகைப்பட ஆவணம் கட்டாயமானபோது, முதியவரும் எளியவருமே விடுபடுவார்கள் என்ற வாதம் எழுந்தது. அந்த அச்சம் நமக்கும் பொருந்தும். அதனால்தான் வாக்காளர் அட்டை இல்லாதவர் ஆதார், ஓட்டுநர் உரிமம், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய அஞ்சலகப் பாஸ்புக் என ஏதேனும் ஒன்றைக் காட்டினால் போதும் என்று 2024 மக்களவைத் தேர்தலிலும் அனுமதித்தார்கள். (குடும்ப அட்டை அந்தப் பட்டியலில் இல்லை, பூத் சிலிப்பும் 2019 முதல் தனித்துச் செல்லாது.) ஆள் இன்னார் என்பது தெளிவானால் சிறு எழுத்துப் பிழைகளைப் பொருட்படுத்தக் கூடாது என்பது ஆணையத்தின் அறிவுறுத்தல். தங்கள் மாமியாரைக் காக்கவைத்தது சட்டமன்று. ‘ஆச்சி’ என்பது பெயரா, மரியாதையா என்று விளங்காத அலுவலர். ஊரறிந்த முகத்துக்கும் விதியில் இடமுண்டு: ஐயமுள்ள வேட்பாளர் முகவர் 2 ரூபாய் கட்டி ஆட்சேபித்தால், வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவுசெய்வார். தங்கள் மாமியார் விஷயத்தில் அந்த 2 ரூபாயை யாரும் கட்டியதாகத் தாங்கள் எழுதவில்லையே!

கேள்வி: சிங்கப்பூரில் பணிபுரியும் என் மகன் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிந்திருக்கிறான். ஆதாரைக் காட்டி வாக்களிக்கலாமா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: இயலாது. 2010 சட்டத் திருத்தத்தின்படி பட்டியலில் இடம்பெற்றவர், நேரில் வந்து அசல் கடவுச்சீட்டை மட்டுமே காட்ட வேண்டும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய வட்டாரத்துக்கு இது கடுமைதான். அவர் பெயரில் முன்னரே வாக்குப் பதிவாகியிருந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். தேர்தல் நடத்தை விதி 49P-யின்படி வாக்குச்சீட்டு கேட்டு வாங்கி வாக்களிக்கலாம். அது தனி உறையில் வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது.