பண்பாட்டு மரபு என்றால் பழைய கட்டடங்கள் மட்டும்தானா? அதை ஏன் காக்க வேண்டும்?

இல்லை. யுனெஸ்கோவின் 1972 உடன்படிக்கை நினைவுச் சின்னங்களையும் இயற்கை இடங்களையும் பற்றியது. வாய்மொழிக் கதை, கூத்து, சடங்கு, கைத்தொழில் அறிவு ஆகியவற்றுக்காக 2003-இல் தனி உடன்படிக்கை வந்தது.

நடைமுறையில் கட்டடத்தையும் அதைக் கட்டும் அறிவையும் பிரிக்க முடியாது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரைச் சிமென்ட் பூசிச் 'சரிசெய்வது' அடிக்கடி நடக்கும் கேடு. சிமென்ட் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. உள்ளே தங்கும் நீர் கல், செங்கல் வழியே ஆவியாகும்போது அதிலுள்ள உப்பு படிகமாகி, மேற்பரப்பு பொரிந்து உதிரும். சுண்ணாம்பைப் பக்குவமாக நீற்றத் தெரிந்த கொத்தனார்கள் இல்லாமல் போனால் கட்டடத்தையும் காப்பாற்ற முடியாது. காக்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்: செய்முறை அறிவு ஒரே தலைமுறையில் கைமாறாமல் நின்றுவிடும், மிஞ்சிய பொருளை மட்டும் வைத்து அதை மீட்பது கடினம். பெருமை பேசுவதெல்லாம் அப்புறம்.

வீட்டளவில் தொடங்க, பெரியவர்களின் பாட்டு, கதைகளை ஒலியைக் குறைக்காமல் அப்படியே சேமிக்கும் வேவ் (WAV) கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் பதியுங்கள். எம்பி3 (MP3) கோப்பு, அளவைச் சுருக்க, ஒலியின் ஒரு பகுதியைக் கழித்துவிடும். பாடியவர் பெயர், இடம், தேதியை அன்றே எழுதி வையுங்கள், அவருடைய அனுமதியோடு. பதிவை 3 பிரதிகளாக, 2 வகைச் சேமிப்பில் வையுங்கள்; ஒரு பிரதி வேறிடத்தில் இருக்கட்டும். பழைய தாள்களுக்கு லேமினேஷன் வேண்டவே வேண்டாம்; பிறகு சேதமில்லாமல் பிரிப்பது மிகக் கடினம்.